கால் ஏக்கரில் கால் அலை: ஒரு பூர்வாங்க ஆய்வு

அமெரிக்கப் புறநகர் வீட்டுக் கொல்லையைப் பற்றி எழுதியவர்கள் புல்லையும் வேலியையும் இறைச்சி சுடும் அடுப்பையும் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதே கொல்லையிலிருந்து 160 மீட்டர் பேண்டில் (அலைவரிசையில்) கடல் கடந்து பேச விரும்பும் ஒரு ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்), கம்பியை எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு இழுப்பார் என்ற கேள்வி ஆய்வுலகில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் களம். கால் ஏக்கர் என்பது 10,890 சதுர அடி. சரியான சதுரமாக அமைந்தால் பக்கம் 104 அடி, மூலைக்கு மூலை 147 அடி. நடுவில் ஒரு வீடு இருக்கும். குடும்பத்தார் அதில் வசிப்பதால் அதை அகற்றும் யோசனை கைவிடப்பட்டது. அடுத்து ஆய்வுப் பொருள். 1.83 மெகாஹெர்ட்ஸில் அரை அலை டைபோல் (இரு கைகளுள்ள நேர்க்கம்பி) ஆன்டெனாவுக்கு 256 அடிக் கம்பி வேண்டும். 147 அடியில் 256 அடியை நேராகக் கட்ட முடியாது என்பதை இவ்வாய்வு எந்தக் கருவியின் துணையுமின்றி நிறுவியது. 80 மீட்டர் பேண்டுக்கு 130 அடி போதும். கூரைக்கு மேலாகப் போக வீட்டிலுள்ளவர்கள் சம்மதித்தால் மூலைவிட்டத்தில் அடங்கிவிடும்.

இத்துறையின் முன்னோடிகளைப் புரட்டிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில் 500 அடிக் கம்பியைக் காற்றாடியில் கட்டிப் பறக்கவிட்டு அட்லாண்டிக்கின் அக்கரைச் சமிக்ஞைக்குக் காத்திருந்தார். 1921 டிசம்பரில் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில், கடலோர வயலில், சமிக்ஞை கேட்பதற்கான சுமார் 1,300 அடி நீளப் பெவரேஜ் ஆன்டெனாக் கம்பியை இழுத்துக் கட்டி அமெரிக்க ஹாம்களின் சமிக்ஞையைப் பிடித்தார். 160 மீட்டரின் பிதாமகரான ஸ்டூ பெர்ரி, மாசசூசெட்ஸின் வின்த்ராப் ஊரில் ஆன்டெனாவுக்குத் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் உயரத்தைப் பயன்படுத்திக்கொண்டார். குன்று, வயல், தண்ணீர்த் தொட்டி, மூன்றும் பிறருடையவை. சொந்தக் கொல்லையில் சாதித்தவர் முன்னோடிகளிடையே அருகியே காணப்படுகிறார்.

இனி பூர்வபட்சம். கம்பியை வளைத்து, வேலியோரம் திருப்பி, எப்படியாவது டைபோலையே கட்டிவிடலாம் என்பர் ஒரு சாரார். கட்டலாம். ஆனால் கொல்லையிலுள்ள 50 அடி மேப்பிள் மரம் 160 மீட்டர் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை. அவ்வளவு தாழ்வான டைபோல் தன் ஆற்றலில் பெரும்பகுதியை நேரே மேல்நோக்கி அனுப்பும். சில நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவருடன் இரவில் அரட்டை அடிக்க அது போதும், ஐரோப்பாவை எட்ட உதவாது. ஹாம்களே இதை ‘மேகம் சூடாக்கி’ என்று கேலி செய்வார்கள். தூரம் வேண்டுமானால் அலை தொடுவானத்தை ஒட்டிப் புறப்பட வேண்டும். அதற்குக் கம்பி நிமிர்ந்து நிற்க வேண்டும். கால் அலை நிமிர்ந்து நின்றால் 128 அடி.

அவ்வளவு உயரத்துக்கு அனுமதி வேண்டும் என்பதால், இந்த இடத்தில் ஆய்வு மின்காந்தவியலிலிருந்து விலகி, வீட்டுரிமையாளர் சங்கத்தின் விதிப் புத்தகத்துக்குள் நுழைய நேர்கிறது. ஊராட்சிகள் ஹாம் ஆன்டெனாவுக்கு நியாயமான இடம் தர வேண்டும் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1985இல் ஆணையிட்டது. மனை வாங்கும்போது கையெழுத்திட்ட தனியார் ஒப்பந்தங்களை அந்த ஆணை தொடவில்லை. அதே ஆணையம் 1996இல் ஒரு மீட்டர் வரையிலான தொலைக்காட்சித் தட்டுகளைச் சங்கங்களின் பிடியிலிருந்து காப்பாற்றியது; ஹாமின் கம்பிக்கு அந்தக் கருணை கிட்டவில்லை. அதைச் சரிசெய்ய வந்த மசோதா 2016இலும் 2017இலும் கீழவையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை.

எனவே கொடிக்கம்பம். அமெரிக்கக் கொடியைச் சொந்த வீட்டில் ஏற்றும் உரிமையைச் சங்கங்கள் பறிக்கக் கூடாது என்று 2006இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஃப்ளோரிடா மாநிலச் சட்டம் 20 அடி உயரம் வரை தனிக் கொடிக்கம்பம் நடலாம் என்கிறது. கம்பத்துக்குள் ஆன்டெனா ஒளிந்திருப்பதைச் சங்கத் தலைவர் அறியார். கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டுப் போவார். ஆனால் இயற்பியல் அவ்வளவு எளிதில் வணங்குவதில்லை. 160 மீட்டரில் 20 அடிக் கம்பத்தின் கதிர்வீச்சுத் தடை (ஆற்றலை வானுக்கு அனுப்பும் பங்கைக் காட்டும் எண்) அரை ஓம் அளவில்தான். மண்ணில் 15 ஓம், நீளக் குறையை ஈடுகட்டும் சுருளில் 5 ஓம் இழப்பு என்று கொண்டால், 100 வாட் ஊட்டியதில் மூன்று வாட்டுக்கும் குறைவாகவே வானேறும். மிச்சம் மண்புழுவுக்கு. தேசபக்தியின் திறன் முதன்முறையாக எண்ணளவில் கணக்கிடப்பட்டது இக்கட்டுரையில்தான் என்பதை அடக்கத்தோடு பதிவு செய்கிறோம்.

சித்தாந்தம் தாழ்வான டைபோலுக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவில் கிடைக்கிறது. கம்பியை மேப்பிள் மரத்தின் உச்சிவரை 50 அடி ஏற்றி, மீதி 78 அடியைக் கூரைக்கு மேலாகக் கிடைமட்டமாக ஓட்டினால் கவிழ்த்து வைத்த ‘ட’ வடிவம் வரும். நிமிர்ந்த பகுதிதான் உழைக்கும். படுத்த பகுதி பெரும்பாலும் உடனிருக்கும். கதிர்வீச்சுத் தடை 12, 13 ஓமுக்கு உயர்கிறது, சுருள் தேவையில்லை, அதே மண்ணிலும் ஏறக்குறைய பாதி ஆற்றல் வெளியேறிவிடும். கொடிக்கம்பத்தைவிட இது பல மடங்கு மேல் என்பதில் ஆய்வாளருக்கு ஐயமில்லை. மெல்லிய கருப்புக் கம்பி கிளைகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாது என்பது கூடுதல் நயம்.

மரத்தில் ஏற்றும் கலை தனிச் சாத்திரம். உண்டிவில்லில் ஈயக் குண்டை வைத்து, அதில் தூண்டில் நரம்பைக் கட்டி உச்சிக் கிளைக்கு மேலாக அடிப்பார்கள். நரம்பைப் பிடித்துச் சணல், சணலைப் பிடித்துக் கயிறு, கயிற்றைப் பிடித்துக் கம்பி. காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறுந்துபோகாதிருக்க, கப்பியில் ஓடும் கயிற்றின் மறுமுனையில் மணல் வாளியைத் தொங்கவிடுவர். வாளி எதற்கு என்று கேட்கும் அண்டைவீட்டாரிடம் பறவைகளைப் பற்றி ஏதாவது சொல்வது வழக்கம்.

மேலே மிச்சப்படுத்தியதற்கெல்லாம் கீழே தண்டம் உண்டு. நிமிர்ந்த ஆன்டெனாவின் மறுபாதி மண். மண்ணோ மட்டமான மின்கடத்தி. 1937இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய ஆர்சிஏ நிறுவனப் பொறியாளர்கள் 113 கம்பிகளைச் சக்கரத்தின் ஆரக்கால்போல் பரப்பி அளந்து, இழப்பு எப்படிக் குறைகிறது என்று காட்டினார்கள். வணிக வானொலி நிலையங்கள் 120 கம்பி பரப்பும் மரபு அதிலிருந்து வந்தது. நிலையத்துக்கு நிலம் உண்டு. ஹாமுக்குப் பூச்செடிப் பாத்தியும் கார் நிறுத்தும் சிமெண்ட் தரையும் ஊஞ்சலும் குறுக்கே நிற்கும். ஆகவே அவர் பதினாறோ முப்பத்திரண்டோ ரேடியல்களை (ஆரக் கம்பிகளை) போன இடம் போகவிட்டு, வளைந்த கம்பி ஆணிகளால் புல்லோடு பொருத்துகிறார். இருக்கும் செம்பைச் சில நீளக் கம்பிகளாக இழுப்பதைவிடப் பல குட்டைக் கம்பிகளாகப் பரப்புவது நல்லது. தரையில் கிடக்கும் ரேடியலுக்குத் துல்லிய நீளம் தேவையில்லை என்பதும் அளந்து அறிந்த செய்தி. சில வாரங்களில் புல் மூடிவிடும். சங்கத் தலைவர் அதன்மேல் நடந்துபோவார்.

அனுப்புவதோடு விஷயம் முடியவில்லை. பக்கத்து வீட்டு எல்இடி விளக்கு, சார்ஜர், சூரியத் தகட்டின் இன்வெர்ட்டர் ஆகியவை எழுப்பும் இரைச்சலில் தொலைதூரக் குரல் மூழ்கிவிடும். நாலா திசையிலும் பேசிவிட்டு எதையும் கேட்க முடியாதவரை ஹாம்கள் முதலை என்பார்கள்: பெரிய வாய், சிறிய காது. இதற்கு மருந்து, சுமார் 14 அடிக்கு 29 அடி அளவில் செங்குத்தான செவ்வகக் கம்பி வளையம், ஒரு பக்கத்தில் ஒரு மின்தடை. அது பிடிக்கும் சமிக்ஞை அற்பம், பெருக்கி வேண்டும். ஆனால் ஒரு திசையின் இரைச்சலுக்குக் காதை மூடிக்கொள்ளும். காட்லியின் 1,300 அடிக்கு மாற்றாக வேலியோரத்தில் இதை நிறுத்திவிடலாம்.

160 மீட்டர் பேண்ட் இரவில், குறிப்பாகக் குளிர்கால இரவில் உயிர்பெறும். பகலில் அயனிமண்டலத்தின் கீழடுக்கு அலையை விழுங்கிவிடும். ஆகவே எச்சரிக்கையான ஹாம்கள் இலையுதிர் காலத்தில் கடைசிப் புல்வெட்டு முடிந்ததும் ரேடியல்களை விரித்து, மார்ச்சில் சுருட்டிவிடுவர். சுருட்டத் தவறினால் புல்வெட்டும் இயந்திரத்தின் அச்சில் கம்பி சுற்றி, கத்தி அதைத் துண்டுதுண்டாக்கும். அத்துண்டுகளை அடுத்த ஆண்டும் பரப்பலாம். நீளம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை என்று முன்பே நிறுவப்பட்டுள்ளது.