வியக்கக் கடமைப்பட்டவன்

மொரிஷியஸ் தீவில் பிரயாணிகளுக்கு வழிகாட்டும் தொழிலில் இருப்பவர்கள், காரின் கதவைத் திறந்துவிட்டு, பிரயாணி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டி முடிப்பதற்குள்ளாகவே மார்க் ட்வெயினைத் துணைக்கு அழைத்துவிடுகிறார்கள். 1896-ஆம் ஆண்டு அங்கே வந்திறங்கிய அந்த அமெரிக்க எழுத்தாளர், இறைவன் முதலில் மொரிஷியஸைப் படைத்து, பிறகு அதைப் பார்த்தே சொர்க்கத்தைச் செய்தான் என்று எழுதிவைத்துப் போனதாக அவர்கள் சொல்லும்போது, அந்தக் குரலில் வேதவாக்கை உச்சரிக்கும் கம்பீரம் இருக்கிறது. ட்வெயினுடைய பிரயாண நூலைப் புரட்டிப் பார்த்தவர்கள், அந்த அபிப்பிராயம் அவருடையதல்ல, உள்ளூர்வாசி ஒருவர் சொன்னதாக அவர் குறித்துக்கொண்டது என்பதை அறிவார்கள். அதை அடுத்தே, இன்னொரு உள்ளூர்வாசி அதெல்லாம் மிகையென்று மறுத்து, தீவின் நடுவிலுள்ள க்யூர்பீப் நகரத்தைப் போல மழை கொட்டும் ஊர் உலகத்திலேயே கிடையாதென்று குறைப்பட்டுக்கொண்டதும் அதே நூலில் இருக்கிறது. இரண்டாமவர் உண்மையை மட்டுமே பேசிய ஒரு சாமானியர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதலாமவர் ஒரு வழிகாட்டி என்பதும், அவரிடம் ட்வெயின் தன்னந்தனியாக அகப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதும் என்னுடைய அனுமானம்.

தனியாக அகப்பட்டுக்கொள்வது என்றால் என்னவென்பதை விளக்க வேண்டும். நாற்பது பேர் ஏறிய பஸ்ஸில் ஊர் சுற்றிப் பார்க்கும்போது, வழிகாட்டி ஒலிபெருக்கியில் எதைச் சொன்னாலும், அதைக் கேட்டு வியக்க வேண்டிய பொறுப்பு நாற்பது பேருக்கும் பொதுவானதாகையால், முன் வரிசையில் உள்ள சிரத்தையாளர்கள் நால்வர் தலையை ஆட்டினால் போதும். மற்றவர்கள் கண்ணயரலாம், கடலை கொறிக்கலாம், வீட்டுக் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று கவலைப்படலாம். 'உங்களுக்கே உங்களுக்கென்று ஒரு கார், ஒரு வழிகாட்டி, ஒரே பகலில் தீவின் பிரதான காட்சிகள் அனைத்தும்' என்ற ஏற்பாட்டில் இந்தச் சௌகரியம் அறவே இல்லை. ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை ஒருவனே இழுப்பது போல, வியப்பு முழுவதையும் ஒரே ஆள் சுமந்தாக வேண்டியிருக்கிறது. நாங்கள் இருவர் போனோம் என்பது வாஸ்தவம். ஆனால் என் மனைவி, கார் கிளம்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பின் ஆசனத்தில் சாய்ந்து நித்திரையில் ஆழ்ந்துவிட்டபடியால், அந்தத் தீவின் சரித்திரம், பூகோளம், தாவரம், பிராணிவர்க்கம் ஆகியவற்றுக்கெல்லாம் நான் ஒருவனே சபையாக அமைந்தேன்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க, சலவைச் சட்டை கலையாத, நல்ல மனிதர். வீட்டில் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, அரசாங்கக் காகிதங்களில் ஆங்கிலம் என்று மூன்று பாஷைகளிலும் சரளமாகப் புழங்குபவர். என்னை 'மிஸ்யே' என்று அழைத்தார். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் 1810-ல் தீவைக் கைப்பற்றியபோது, மக்கள் தங்கள் வழக்கங்களையும் சட்டத்தையும் மதத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கையில் ஒத்துக்கொண்டார்கள் என்றும், ஆகவே சாலையின் இடப்பக்கம் கார் ஓட்டுவதை ஆங்கிலேயரிடமும், எதிரே வருபவனைத் திட்டுவதைப் பிரெஞ்சுக்காரரிடமும் கற்றோம் என்றும் அவர் சொன்னார். இது அவர் அன்று சொன்னவற்றுள் முதன்மையான ஹாஸ்யமாகையால் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த கையோடு, கண்ணாடியில் என் முகத்தை அவர் நிதானமாகப் பரிசீலிப்பதையும் கவனித்தேன். சிரிப்பு எவ்வளவு நீளம் வரும் என்று அளவெடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு எந்த விஷயத்தைச் சொன்னாலும், உரிய பாவம் என் முகத்தில் உதயமாகும் வரையில் அடுத்த விஷயத்துக்கு அவர் நகரவில்லை.

முதலில் க்யூர்பீப். அங்கே த்ரூ ஓ செர் என்ற பழைய எரிமலையின் வாய், கடல் மட்டத்துக்கு 600 மீட்டருக்குச் சற்று மேலே, மரங்கள் அடர்ந்து, வட்டமாகக் கிடக்கிறது, கிடப்பதாகச் சொல்கிறார்கள். நாங்கள் போனபோது ட்வெயினின் இரண்டாவது சாட்சி சொன்னது அட்சரத்துக்கு அட்சரம் மெய்யாகி, மழையும் மூடுபனியுமாக, கம்பி வேலிக்கு அப்பால் உலகமே இல்லாமல் போயிருந்தது. வழிகாட்டி இதனால் சற்றும் மனம் தளரவில்லை. பனியின் ஒரு மூலையைச் சுட்டி அங்கேதான் எரிமலை வாயின் அடியிலுள்ள குளம் என்றார். இன்னொரு மூலையைச் சுட்டி, அதோ பீட்டர் போத் சிகரம், அதன் உச்சியில் மனிதத் தலையைப் போல ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள் என்றார். 1615-ல் இந்தத் தீவின் கரையோரத்தில் கப்பல் உடைந்து மாண்ட டச்சுக்காரர் ஒருவரின் பெயர் அது. ஆங்கிலேயர் ஆட்சி முடியும் நாளில் அந்தப் பாறை உருண்டு விழுமென்று ஓர் ஆரூடம் இருந்ததாம். 1968 மார்ச் 12-ஆம் தேதி சுதந்திரம் வந்தது, பாறை விழவில்லை. இப்பொழுதும் விழவில்லையே என்று அவர் பெருமையோடு பனியைக் காட்டியபோது, பனியைப் பார்த்து நானும் பிரமித்தேன். கண்ணுக்குத் தெரியாத காட்சிகளை விளக்குவதில் அந்த மனிதருக்கிருந்த சாமர்த்தியத்துக்கு, தெரிந்த காட்சிகள் பிறகு எவையும் ஈடாகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அந்த ஊரில் கப்பல் பொம்மைகள் செய்யும் பட்டறை ஒன்றில், வாங்க வேண்டிய அவசியம் இல்லை, பார்த்தால் போதும் என்ற உத்தரவாதத்துடன் எங்களை இறக்கிவிட்டார். இந்த உத்தரவாதம் உலகமெங்கும் ஒரே பாஷையில்தான் பேசப்படுகிறது. அதைப் பற்றி மேற்கொண்டு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வாசலில் ஒரு சிறுவண்டிக்காரர் 'காத்தோ பிமான்' என்று சூடாக எடுத்துக் கொடுத்தது மட்டும் குறிப்பிடத்தக்கது. பட்டாணிப் பருப்பை ஊறவைத்து அரைத்து, பச்சை மிளகாயும் வெங்காயத் தாளும் கொத்தமல்லியும் சேர்த்து உருட்டி எண்ணெயில் பொரித்த அப்பண்டத்தை, அதன் வாசனையாலேயே விழித்துக்கொண்ட என் மனைவி வாங்கி விண்டு பார்த்து, இது நம் பருப்பு வடைதான், பருப்பு இன்னும் ஒரு மணி நேரம் ஊறியிருக்கலாம் என்று தீர்ப்பளித்தாள். காலை வேளையில் வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் அந்த வடையை வைத்து மூடித் தின்பார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது அவள் முகத்தில் தோன்றியதுதான், அன்று காரில் இருந்தவர்கள் வெளிப்படுத்திய முதல் கலப்பற்ற ஆச்சரியம். அதைக் கண்ணாடியில் பார்த்த வழிகாட்டிக்கு, என்னுடையவற்றின் தரத்தைப் பற்றி ஓர் ஐயம் விழுந்திருக்கலாம்.

கங்கா தலாவ் என்னும் ஏரியும் எரிமலை வாயில் தேங்கிய தண்ணீர்தான். சிவராத்திரிக்குத் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் காவடி போன்ற அலங்காரங்களைத் தோளில் தாங்கிக் கால்நடையாக வருகிறார்கள். சிவபெருமான் கங்கையைச் சிரசில் தாங்கி ஆகாய மார்க்கமாகப் போகையில் சில துளிகள் இங்கே சிந்தின என்பது ஐதிகம். அந்தச் சம்பந்தத்தை உறுதிப்படுத்தும் பொருட்டு 1972-ல் அசல் கங்கா ஜலத்தைக் கொண்டுவந்து இதில் கலந்திருக்கிறார்கள். வாசலில் 33 மீட்டர் உயரத்தில், 2007 முதல், சூலமேந்திச் சிவன் நிற்கிறார். எதிரில், பிற்பாடு எழுந்த துர்க்கையும் அதே உயரம். நான் கைகூப்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கையில், அர்ச்சனைக்கென்று வாங்கிய வாழைப்பழச் சீப்பை ஒரு குரங்கு வந்து, வழிகாட்டியின் முன்னிலையிலேயே, யாதொரு பரபரப்புமின்றி எடுத்துக்கொண்டு போயிற்று. அந்தக் குரங்குகள் சுதேசிகள் அல்ல, கப்பலில் வந்த ஐரோப்பியர்கள் கொண்டுவிட்டவை என்ற சரித்திரக் குறிப்பை அவர் அந்தச் சமயத்திலும் தரத் தவறவில்லை.

பிளாக் ரிவர் பள்ளத்தாக்கில் சிறிது நின்றோம். உலகத்திலேயே இந்தத் தீவில் மட்டும் வாழும் ஒரு வல்லூறு, 1974-ல் காட்டில் நான்கே நான்கு மிஞ்சியிருந்து, மனிதப் பிரயத்தனத்தால் மீண்டும் பெருகிய கதையை அவர் அங்கே சொன்னார். அது நல்ல கதை, நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் வல்லூற்றைப் பேசினால் டோடோவைப் பேசாமல் விட முடியுமா? 1598-ல் டச்சுக்காரர்கள் கரையிறங்கி ஒரு நூற்றாண்டு முடியுமுன் பூண்டற்றுப்போன, பறக்கத் தெரியாத அந்தப் பறவை இன்று ராஜாங்க இலச்சினையில் நிற்கிறது. துண்டிலும் தொப்பியிலும் சாவிக்கொத்திலும் நிற்கிறது. உயிரோடிருந்தபோது அதற்குக் கிடைக்காத மரியாதை அத்தனையும் சேர்த்துக் கிடைக்கிறது. நெருங்கிய உறவினர் காலமான துக்கத்தோடு வழிகாட்டி அதைப் பற்றிப் பேசியதால், நானும் துக்கம் விசாரிக்கும் முறையில் இரண்டொரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

பிறகு ஷமாரெல். அங்கேயுள்ள அருவி 100 மீட்டர் என்பது வழிகாட்டிகளின் கணக்கு, 80 சொச்சம் என்பது புத்தகங்களின் கணக்கு; இடையிலுள்ள மீட்டர்கள் வழிகாட்டிகளின் சொந்த உழைப்பில் ஏற்பட்டவை. அருவியைத் தாண்டினால், அத்தீவுக்கு வருகிற ஒவ்வொருவரும் பார்த்தே தீர வேண்டிய ஏழு வர்ண மண். எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல், காலாந்தரத்தில் களிமண்ணாக மாறி, கரையக்கூடியவையெல்லாம் மழையில் கரைந்துபோக, இரும்பும் அலுமினியமும் பிராண வாயுவோடு கூடித் தங்கிவிட்டதால், சிவப்பும் ஊதாவும் பழுப்புமாக மேடும் பள்ளமுமான ஒரு வெட்டவெளி; புல் ஒன்றும் முளைப்பதில்லை. மெய்யாகவே விசித்திரமான இடம். வேலிக்கு வெளியே நின்று அதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமிருந்தது. ஆனால் 'எண்ணுங்கள், மிஸ்யே' என்றார் அவர். சிவப்பு, பழுப்பு, ஊதா, மஞ்சள் என்று நான் நிறுத்தினேன். பச்சையையும் நீலத்தையும் அவர் காட்டிக் கொடுத்தார். காட்டிக் கொடுத்தபின் தெரியத்தான் செய்தன. ஏழாவது நிறம், சூரியன் மேகத்தைவிட்டு வெளியே வந்தால் தெரியும் என்றார். சூரியனுக்காக நாங்கள் இருவரும் மழைக்கோட்டோடு காத்திருந்தோம். தெற்கே வேறொரு இடத்தில் 23 நிறங்கள் உள்ளதாக விளம்பரம் செய்கிறார்களே என்று நான் கேட்டதை, நல்ல குடும்பத்தில் பிறந்தவர் கேட்கத்தகாத கேள்வியாக அவர் பாவித்தார்.

பக்கத்தில் சுவருக்குள் பேராமைகள் சில இருந்தன. தீவின் சொந்த ஆமைகளை மாலுமிகள் தின்று தீர்த்துவிட்டபடியால், இவை அல்தாப்ரா தீவு வம்சம். அவற்றின் கண்ணெதிரே தினமும் எத்தனையோ வழிகாட்டிகள் எத்தனையோ பிரசங்கங்கள் செய்கிறார்கள். ஒன்றாவது தலையை ஆட்டி நான் பார்க்கவில்லை. அந்தச் சுதந்திரத்தை நினைத்து வெகுவாகப் பொறாமைப்பட்டேன்.

மத்தியானத்தில் நிலைமை தலைகீழாயிற்று. வழிகாட்டியின் குடும்பம் தமிழ்க் குடும்பம். லாபூர்தொனே என்ற பிரெஞ்சுக் கவர்னர் 1730-களில் புதுச்சேரிப் பக்கத்துக் கைத்தொழிலாளர்களைத் தருவித்ததில் தொடங்கி, 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் வரையில், பல அலைகளில் வந்து சேர்ந்தவர்களின் சந்ததி. தைப்பூசம் அங்கே அரசாங்க விடுமுறை. பத்து நாள் விரதமிருந்து அலகு குத்திக் காவடி எடுப்பவர் இவர். தமிழ் மட்டும் பேச வராது. அன்று அவருடைய சிற்றன்னை வீட்டில் ஏதோ பிரார்த்தனையென்று வாழையிலை போட்டு 'ஏழு கறி' பரிமாறினார்கள். பூசணி, வாழைக்காய், பலாக்காய், பருப்பு, ரசம் என்று இலை நிறைந்திருந்தது. எங்களை நடுவில் உட்காரவைத்து, அசல் தமிழ்நாட்டுத் தமிழர்கள் என்று கிரியோல் பாஷையில் அவர் அறிமுகம் செய்ய, வீட்டுப் பெரியவர்களும் குழந்தைகளும் சுற்றி நின்று, நான் சோற்றைப் பிசைவதையும் என் மனைவி இலையை மடிப்பதையும் இமை கொட்டாமல் பார்த்தார்கள். எங்களைச் சுட்டிச் சுட்டி அவர் விளக்கிய ஆவேசம், பீட்டர் போத் பாறையை விளக்கியபோது இருந்ததற்குக் குறைவானதல்ல. ஏதேனும் தமிழில் பேசுங்கள் என்றார்கள். ரசம் பிரமாதம் என்று சொன்னேன். கேட்டவர்கள் உண்மையாகவே வியந்தார்கள். இந்தக் கலையில் அவர்களிடம் நான் கற்க வேண்டியது நிறைய இருந்தது.

மாலையில் கடலோரத்தில் லெ மோர்ன் குன்று. 556 மீட்டர் உயரமுள்ள அந்தச் செங்குத்துப் பாறையில் தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் பல காலம் ஒளிந்து வாழ்ந்திருக்கிறார்கள். 1835-ல் அடிமைத்தனம் ஒழிந்த செய்தியைச் சொல்ல வந்த காவலர்களைப் பிடிக்க வந்தவர்களென்று எண்ணிப் பலர் உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று செவிவழியாக ஒரு கதை உண்டு. 2008-ல் யுனெஸ்கோ அந்தக் குன்றை உலக பாரம்பரியச் சின்னமாக்கியது. இந்த இடத்தில் வழிகாட்டி என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். அருகிலுள்ள கடலடி நீர்வீழ்ச்சியைப் பற்றி நான்தான் கேட்டேன். கடற்பாறை விளிம்பில் மணல் சரிந்து இறங்குவது ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் அருவியைப் போலத் தோன்றும், காரிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று, அன்று முழுவதிலும் அவர் அலங்காரமில்லாமல் சொன்ன ஒரே விடை வந்தது.

கூலியைக் கொடுத்தபோது, ரூபாய் நோட்டிலுள்ள தமிழ் எழுத்துக்களை அவர் தடவிக் காட்டினார். 1998-ல் வெளியிட்ட புதிய நோட்டுகளில் இந்தியைத் தமிழுக்கு முன்னால் அச்சிட்டுவிட, தீவுத் தமிழர்கள் கிளர்ச்சி செய்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெறும்படி செய்துவிட்டார்களாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், படித்துச் சொன்னேன். தொகை சரியாகவே இருப்பதில் அவருக்குத் திருப்தி.

தனி வழிகாட்டி வைத்துக்கொள்ளத் தேக பலமும் முக பலமும் உள்ளவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வாய்த்தவரைப் போன்ற உத்தமர் கிடைப்பது அரிது. மற்றவர்களுக்கு ஒரு தகவல்: போர்ட் லூயியிலிருந்து க்யூர்பீப் வரைக்கும் 2022 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் எந்த முகபாவமும் காட்டாமல், மழையைப் பார்த்துக்கொண்டே போகலாம்.