சூடு தாங்கும் ஓடு

கேள்வி: ஒலியைவிட ஐந்து மடங்கு வேகத்தில் பறந்தால் விமானம் சூட்டில் உருகிவிடாதா?
— ஒரு வாசகர், சீர்காழி

பதில்: வெறும் அலுமினியமாக இருந்தால் உருகிவிடும். அதனால்தான் 2016 மே 23 அன்று இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஆர்.எல்.வி.-டி.டி. என்ற இறக்கை வைத்த வாகனத்துக்கு அடிவயிற்றில் சிலிக்கா ஓடு பதித்தார்கள். சுமார் 65 கி.மீ. உயரம் போய், மாக் 5, அதாவது ஒலியைவிட ஐந்து மடங்கு வேகத்தில் திரும்பி, வங்கக்கடலில் இறங்கியது.

சூட்டைத் தடுப்பது ஓடு என்பதைவிட அதற்குள் அடைபட்ட காற்று என்பதே சரி. அமெரிக்க விண்வெளி ஓடங்களின் ஓடுகளில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். மீதி சிலிக்கா இழை. உலையிலிருந்து சிவக்கச் சிவக்க எடுத்த துண்டை, சில நொடிகளில் வெறுங்கையால் மூலையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்கள். (வீட்டுத் தோசைக்கல்லில் முயன்று பார்க்க வேண்டாம்!)

உங்கள் ஊர் ரைஸ் மில்லில் குவிகிற உமிச் சாம்பலிலும் பெரும்பங்கு சிலிக்காதான். இரும்பாலைகளில் எஃகுக் குழம்பு ஆறிவிடாமல் இருக்க அதை மேலே தூவுகிறார்கள். விமானத்துக்கு வேண்டியதோ மிகத் தூய சிலிக்கா. மூட்டை கட்டி ஸ்ரீஹரிகோட்டா கொண்டுபோனீர்களானால், பல் தேய்க்க ஆகும் என்று வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொள்வார்.