சித்தப்பாவின் ரோஜாப்பூ

துபாய், சோனாப்பூர்
ஆடி முதல் வாரம்

அன்புள்ள மாப்ளே,

நான் நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை. நேற்று ராத்திரி பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் நீ கொத்து பரோட்டா தின்றதை ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டேன். முட்டை குறைவாகத் தெரிந்தது.

இந்தக் காலத்தில் எவன்டா காகிதத்தில் எழுதுகிறான் என்று கேட்பாய். விஷயம் சித்தப்பாவைப் பற்றியது. உன் நம்பருக்கே தனியாக அனுப்பலாம்தான். ஆனால் நீ போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுத் தக்காளி இறக்கப் போய்விடுவாய். மண்டியில் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேரும் படிப்பார்கள், அதில் நாலு பேர் எங்கள் பங்காளி. அரூர்க்காரர் ஒருத்தர் லீவில் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். நிழலில் அட்டையை விரித்துப் படுத்ததும் அத்தனை பேரும் போனைத் திறப்போம். பக்கத்தில் ஒரு தெலுங்குக்காரர், அந்தப் பக்கம் பீகார்க்காரர், கால்மாட்டில் வங்கதேசத்துப் பையன். நாலு போனிலும் ஒரே ரோஜாப்பூ. இதழில் அதே பனித்துளி, பக்கத்தில் அதே டீக்கப். கீழே எழுதியிருக்கிற மொழி மட்டும்தான் வேறு.

எங்கள் வீட்டு ரோஜாவுக்குச் சொந்தக்காரர் சித்தப்பா. ரிடையரானதிலிருந்து அவர் எழுந்திருப்பது நாலரை மணிக்கு. அப்போது இங்கே மூணு. முதலில் ரோஜா, அடுத்து வேலோடு முருகன், அதற்குப் பிறகு சர்க்கரை நோய்க்கு ஒரு இலை. குடும்ப குரூப், குலதெய்வம் குரூப், வீட்டுமனை குரூப் மூன்றிலும் போடுவார். அம்மா மூன்றிலும் இருக்கிறாள். பெரிய அத்தையும் சேலத்து மாமாவும் அதே ரோஜாவை அவர்கள் பங்குக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

சிரிக்காதே. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை ஒரு செய்தியாகவே போட்டது. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தினமும் போனில் இடம் தீர்ந்துபோகிறதாம். அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான். எதனால் என்று கூகுள்காரர்கள் துருவிப் பார்த்தால் இந்தக் காலை வணக்கம்! அந்தப் படங்களைத் தேடித் துடைக்கவே ஃபைல்ஸ் கோ என்கிற செயலியில் வசதி செய்துகொடுத்தார்கள். எங்கள் சித்தப்பாவைச் சமாளிக்கக் கலிபோர்னியாவில் ஆள் போட்டு வேலை நடந்திருக்கிறது என்றால் குடும்பத்துக்குப் பெருமைதான்.

எனக்கு அதனால் வந்த கஷ்டம் வேறு. இந்த நாட்டில் அரசாங்கம் அனுமதித்த செயலி வழியாகத்தான் இன்டர்நெட்டில் கூப்பிட்டுப் பேச முடியும். வாட்ஸப்பில் எழுத்து போகும், படம் போகும், குரல் பதிவும் போகும். கால் மட்டும் ஆகாது. அதனால் எல்லாரும் போட்டிம் என்கிற செயலியை வைத்திருக்கிறோம். உன் தங்கச்சி, பிள்ளைகள் படிப்புக்காகத் தர்மபுரியில் வாடகை வீட்டில் இருக்கிறாள், அவளோடு அதில் தினமும் பேசுகிறேன். ஊரில் தனியாக இருக்கிற அம்மா போனில் அதை ஏற்றப் போனால் இடமில்லை என்கிறது. அவ்வளவும் ரோஜாப்பூ! நான் அனுப்புகிற குரல் பதிவுகூட இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். அம்மா வாட்ஸப்பிலேயே வீடியோ பட்டனை அமுக்குகிறாள். இங்கே மிஸ்டு கால் மட்டும் காட்டும். "துபாய்க்குப் போனதும் பெத்தவ போனை எடுக்க மாட்டேங்கிறான்" என்று தெருக் குழாயடி வரை சேதி போய்விட்டது. சாதாரண கால் போட்டால் காசு நிமிஷக் கணக்கில் ஓடும். அம்மாவுக்கு "சாப்டியாப்பா" என்பதை நாலு விதமாகக் கேட்கவே ஐந்து நிமிஷம் வேண்டும்.

சொந்தமெல்லாம் கைக்குள் வந்துவிட்டது என்கிறார்கள். அந்தக் கைக்குள்ளே அம்மாவுக்குத்தான் இடமில்லை.

சித்தப்பாவிடம் சொல்லலாம் என்றால், ஏற்கனவே கோபத்தில் இருக்கிறார். அவருடைய கல்யாண நாள் போட்டோவுக்கு நீல டிக் விழுந்தும் நான் வாழ்த்து போடவில்லையாம். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய விடாத வாட்ஸப் கம்பெனி மேலும் அவருக்கு வருத்தம். அந்தக் கட்டுப்பாடு எதனால் வந்தது என்று நமக்குத் தெரியாதா? 2018 மே மாதம் போளூர்ப் பக்கம் குலதெய்வம் கோயிலைத் தேடி வந்த வயதான அம்மாவை, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிக்கிறவள் என்று அடித்தே கொன்றார்களே. அது மாதிரிப் பல ஊர்களில் வதந்தியால் உயிர் போன பிறகுதான் அந்த ஜூலையில் இந்தியாவுக்கு ஐந்து என்று கட்டினார்கள். இதைக் குரூப்பில் எழுதியதற்கு சித்தப்பா ஒரு கும்பிடு போட்டார். ஐந்து நிமிஷத்தில் அடுத்த இலை வந்தது.

பெரிய அத்தைதான் ஆள். பங்காளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது, வெற்றிலை பாக்கு இல்லை, நேரில் வந்து ஒரு வார்த்தை இல்லை. "போன்ல கூப்பிட்டா போன்லயே சாப்பிட்டுக்கிறேன்" என்று வீட்டிலேயே களி கிண்டிக்கொண்டாள். மொய்யை மட்டும் ஜீபேயில் அனுப்பிவிட்டாள். மொய் நோட்டுக் கணக்கு வேறு, ரோஷம் வேறு.

நம்ம பத்தாம் வகுப்பு குரூப்பிலும் ரோஷத்துக்குக் குறைவில்லை. பதினைந்து வருஷம் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காமல் இருந்தோம், சிநேகிதம் பத்திரமாக இருந்தது. தேடிப் பிடித்து ஒன்று சேர்ந்தோம், ஒரே எலெக்‌ஷனில் உடைந்தோம். வாட்ஸப் ஒரு குரூப்பில் 1024 பேருக்கு இடம் கொடுக்கிறது. நம்ம வகுப்பு நாற்பது பேருக்கு மூன்று குரூப். சீட்டுப் பணம் பாக்கி வைத்தவன் மூன்றிலும் இருக்கிறான், லாஸ்ட் சீனை மட்டும் மறைத்துவிட்டான்.

போன மாதம் தக்காளி விலை விழுந்து நீ ரோட்டோரம் கொட்டினாயே, அந்த வீடியோ எனக்கு மூன்று குரூப்பிலும் வந்தது. எவனோ சோகப் பாட்டு வேறு போட்டிருந்தான். கும்பிடு, அழுகை, உடைந்த இதயம் என்று வரிசையாக விழுந்தது. அதற்குள் கிரிக்கெட் ஸ்கோர் வந்து எல்லாவற்றையும் மேலே தள்ளிவிட்டது. கும்பிட்டவர்களில் எத்தனை பேர் உனக்குப் போன் செய்து வண்டி வாடகையாவது தேறியதா என்று கேட்டார்கள்? பாலக்கோட்டிலேயே இருக்கிறவன்கூட வந்திருக்க மாட்டான். வீடியோ பார்த்ததும் துக்கம் விசாரித்த கணக்கு முடிந்துவிடுகிறது. கடன் எவ்வளவு நிற்கிறது என்று எனக்கு எழுது. ஸ்டேட்டஸில் வேண்டாம், காகிதத்தில்.

இப்போது காரியம். ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகும்போது எங்கள் வீட்டுப் பக்கம் வண்டியை நிறுத்து. அம்மா போனை வாங்கி ரோஜா, முருகன், இலை எல்லாவற்றையும் அழித்துவிடு. முருகனை அழிக்க அம்மா விடமாட்டாள், ஒரே ஒரு முருகனை வைத்துக்கொள். பேரப்பிள்ளைகள் படத்திலும் நம்ம எருது படத்திலும் கை வைக்காதே. படம் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டுப் போட்டிம் ஏற்றி, பட்டன் எது என்று காட்டிக் கொடு. குரூப்பிலிருந்து அம்மாவை வெளியே எடுத்துவிடாதே, தீபாவளி வரைக்கும் பஞ்சாயத்து நடக்கும். சித்தப்பா கேட்டால் போன் ரிப்பேர் என்று சொல்.

ஊர் நேரப்படி மதியம் இரண்டிலிருந்து நாலரைக்குள் கூப்பிடச் சொல். கட்டாயம் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் மாப்ள