சிவப்புக் கோடும் சீ.சீ. ஐயாவும்

வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் கொழும்பில் வெளிவரும். அது கல்முனைக்கு வந்து சேர இன்னும் சில நாள் பிடிக்கும். வாசிகசாலை மேசையில் அதை விரித்ததும் சுற்றிக் கூடும் தலைகளை, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உத்தியோகம் தேடிய எங்கள் கரையோர ஊர்க்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் உரக்க வாசிப்பார், ஒருவர் வயதெல்லையை விரல்விட்டு எண்ணுவார், இன்னொருவர் மாதிரி விண்ணப்பப் படிவத்தை அப்பியாசக் கொப்பியில் பார்த்தெழுதிக்கொள்வார். அன்றிரவே புல்ஸ்கேப் தாளில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, கிராம சேவகரிடமும் அதிபரிடமும் நற்சான்றிதழ் வாங்கி, கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை அழகான கையெழுத்தில் எழுதி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தால், அதன் பிறகு தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக் கிடப்பதுதான் வேலை. நியமனக் கடிதம் வந்த வீட்டில் உம்மா முதலில் அழுவார். பிறகுதான் அயல் வீடுகளுக்கு மஸ்கட் இனிப்புப் போகும்.

இன்று என் மகளின் கைத்தொலைபேசிக்குச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு மூன்று நான்கு வேலை விளம்பரங்கள் வந்து நிற்கின்றன. தேநீர் ஆறுவதற்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறாள். அந்த வேகம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு விண்ணப்பத்துக்காக ஒரு தெருவே கூடிப் பேசிய அந்தச் சாயங்காலங்கள் அவளுக்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கமும் கூடவே வருகிறது.

நான் லிகிதராகச் சேர்ந்தது கரையோரத்து அரசாங்க அலுவலகம் ஒன்றில். பிரதேச செயலகம் என்ற பெயரெல்லாம் 1992 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நிலைத்தது. அப்போது எங்களுக்கு எல்லாமே உதவி அரசாங்க அதிபரின் ‘ஏ.ஜி.ஏ. ஒபிஸ்’தான். 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்ததிலிருந்து எங்களுடைய மாவட்டக் கச்சேரி சிங்களம் பேசும் அம்பாறை நகரில் இருந்தது. ஆகவே சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால் அதை வாசித்துச் சொல்லக்கூடியவர் அலுவலகத்தில் பாதித் துரை.

எங்கள் பிரதம லிகிதர் காரைதீவுக்காரர். ஆங்கிலத்தில் ‘சீஃப் கிளார்க்’ என்பதால் ‘சீ.சீ. ஐயா’ என்றே அழைப்போம். காலையில் வரவுப் பதிவேட்டில், பிந்தி வருவோரைப் பிரிக்கும் சிவப்புக் கோட்டைக் கிழிப்பது அவர் பொறுப்பு. நேரமானதும் சிவப்புப் பேனாவைத் திறப்பார், அடிமட்டத்தை வைப்பார், பிறகு தலையைத் தூக்கி யன்னல் வழியே பிரதான வீதியைப் பார்ப்பார். அக்கரைப்பற்றிலிருந்து வரும் பஸ் இன்னும் வரவில்லையென்றால் பேனா மேசைக்குத் திரும்பும். மாரி வெள்ளத்தில் பாதை மூடிய நாட்களில் அந்தக் கோடு பத்து மணிக்குக்கூட விழுந்ததுண்டு. ஆனால் பஸ் வந்த பிறகு வாசலில் கச்சான் கொறித்துக்கொண்டு நின்றவனுக்கு ஒரு நிமிடமும் தயவில்லை.

அவர் எனக்குத் தந்த முதல் கோவை, இறந்துபோன சிற்றூழியர் ஒருவரின் மனைவிக்கு வரவேண்டிய ஓய்வூதியம் பற்றியது. கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதினால் போதுமென்று நினைத்துப் பேனையை எடுத்தேன். அவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “தம்பி, முதலாம் பக்கத்திலிருந்து வாசிங்க. பதில் கடைசிப் பக்கத்தில இருந்தாலும் காரணம் முதல் பக்கத்திலதான் இருக்கும்” என்றார். டெக் நூலில் கோத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். பிறப்புச் சான்றிதழில் ‘உம்மா’ என்று முடிந்த அந்தப் பெண்ணின் பெயர், விவாகச் சான்றிதழில் ‘பீவி’ என்று முடிந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவர்தான் என்று எவரும் எழுதி உறுதிப்படுத்தாததால் ஒரு குடும்பம் அதுவரை காசில்லாமல் காத்திருந்தது. அன்று நான் படித்தது கோவை வாசிக்கும் முறையை மட்டுமல்ல. தாளுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான்.

மாலை நாலரைக்குப் பிறகு பிளேன்டீயும் சீனித்துண்டுமாக எங்களை இருத்தி, தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணமும் சொல்லித் தந்தவரும் அவரே. வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் நின்றுவிடும் என்ற பயம் எங்களுக்கு. அதனால் எங்கள் குடும்பங்கள் தவித்துவிடக்கூடாது என்ற கவலை அவருக்கு. எங்கள் தொழில் அபிவிருத்தித் திட்டம் முழுவதும் அந்த ஒரு மனிதரின் ஞாபகத்தில் இருந்தது. எவனுக்குக் கணக்கு வரும், எவனுக்குக் கடிதம் வரும், எவனை அடுத்த இடமாற்றத்தில் அம்பாறைக்கு அனுப்பினால் சிங்களம் படித்துக்கொள்வான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மருதமுனைத் தறிக்கூடத்தில் தார் சுற்றப் பழகிய பிள்ளையைத்தான் தறியில் உட்கார வைப்பார்கள். எங்களையும் அவர் அப்படித்தான் ஒவ்வொரு படியாக ஏற்றினார்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. சீ.சீ. ஐயா போன்றவர் வாய்த்த அலுவலகத்தில் நான் இருந்தேன். வாய்க்காத அலுவலகங்கள் எத்தனையோ. 1977 இல் வந்த ஆட்சி, அரசாங்க வேலைக்கான தொழில் வங்கிப் படிவங்களைப் பாராளுமன்ற உறுப்பினர்களின் கையில் கொடுத்தபோது, படிவம் கிடைக்கும் வழி தெரியாத மீனவர் பிள்ளைக்கும் வயற்கூலியின் பிள்ளைக்கும் எத்தனை பாடத்தில் சித்தியடைந்திருந்தும் வாசல் திறக்கவில்லை. படித்த பெண்ணுக்கு ஆசிரியத் தொழிலைத் தவிர வேறு கதவைத் தட்டச் சொல்ல எங்கள் வீடுகளுக்கே மனம் வரவில்லை. எழுத்திலுள்ள விதி, ஆள்பலம் இல்லாதவனுக்கு ஒரு பாதுகாப்பு. இதை வயது போகப் போகத்தான் ஆழமாக உணர்ந்தேன்.

கதவுகள் பெரிதாகத் திறந்தது இரண்டு முறை. ஒன்று, கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகமுடியாமல் நின்ற எங்கள் பிள்ளைகளுக்காக அப்போது அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் பாடுபட்டதில், 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமாகி, பிறகு ஒலுவில் கரையில் எழுந்து நின்றது. மனிதவள முகாமைத்துவம் அங்கே ஒரு பாடம். நிந்தவூரிலிருந்தும் பாலமுனையிலிருந்தும் வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பட்டம் பெற்ற பெண்கள் இன்று நிருவாகக் கதிரைகளில் இருக்கிறார்கள்.

மற்றது, நாங்கள் கேளாமலே வந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் சாய்ந்தமருதையும் மருதமுனையையும் அடித்துக்கொண்டு போன பிறகு, வாடகை வீடுகளின் முகப்பில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொண்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் ஏறின. ‘சீ.வீ.’, நேர்முகம், கடமைப் பட்டியல், நேரத்தாள், ஆண்டு மதிப்பீடு என்பவற்றை எங்கள் ஊர் கற்றது அந்தத் துயரத்துக்குள்தான். தன் வீட்டை இழந்த பையன் கள உத்தியோகத்தனாகி மற்றவர்களின் வீட்டைக் கணக்கெடுத்தான். திறமையைப் பார்த்து எடுத்தார்கள், யார் மகன் என்று கேட்கவில்லை. அதற்காக இன்றும் நன்றி சொல்வேன். ஆனால் ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம். திட்டம் முடிந்ததும் பலகை இறங்கியது. அழகான அனுபவச் சான்றிதழோடு பிள்ளைகள் கட்டாருக்கும் டுபாய்க்கும் விமானம் ஏறினார்கள்.

இப்போது சில அலுவலகங்களுக்குப் போனால் வாசலில் விரல் அடையாள இயந்திரம். அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதமில்லை. அக்கரைப்பற்று பஸ்ஸும் தெரியாது. மண்டபம் நிறைய அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். பட்டதாரிகளை அரசாங்கம் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தபோது மேசை கதிரை போதாமல் போன இடங்களும் உண்டு. முகாமைத்துவம் படித்த ஒரு பெண் பிள்ளையிடம் என்ன வேலை தந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். “பெரிசா ஒண்டுமில்ல மாமா, சொல்லுறத எழுதுற” என்றாள். அவளுடைய கடமைப் பட்டியல் இரண்டு பக்கம். செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவம் அதற்கும் மேல். அவள் பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டு ஒரு கோவையை முதலிலிருந்து புரட்டிக் காட்ட எவரும் இல்லை. அந்தப் பிள்ளையின் முகம் எனக்குப் பல நாள் தூக்கம் தரவில்லை.

படிவம் வந்ததால் நீதி கொஞ்சம் வந்தது; அதை எவரும் திருப்பி எடுக்க வேண்டாம். ஆனால் ஒரு மனிதரை வளர்ப்பது இன்னொரு மனிதர் அவருக்காகச் செலவழிக்கும் நேரம்தான். அந்த நேரத்துக்கு நம் மதிப்பீட்டுப் படிவங்களில் இடமில்லை. ஆகவே இன்று கதிரையில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு மூத்த உத்தியோகத்தரின் ஆண்டு மதிப்பீட்டிலும் ஒரு கேள்வியைச் சேருங்கள். இந்த ஆண்டு நீங்கள் யாருக்கு, எந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தீர்கள்? பெயரை எழுதச் சொல்லுங்கள், கற்றவரின் ஒப்பத்தையும் வாங்குங்கள், சம்பள ஏற்றத்தை அதைப் பார்த்தும் தீர்மானியுங்கள். சீ.சீ. ஐயா மனமிருந்து செய்ததை மற்றவர்கள் விதியிருந்தாவது செய்யட்டும்; செய்யத் தொடங்கினால் மனம் தானாக வரும் என்று நான் நம்புகிறேன்.