காத்திருப்புக் கமிட்டி

கொலோன்,
மூன்று ராசாக்கள் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது.  

கிறிஸ்மஸ் அன்று போனில் மூன்று கேள்வி கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் உங்கள் பக்கம் வெடிச்சத்தம் வந்து லைனை விழுங்கிவிட்டது. “எலே மக்கா, அங்க கேரல் உண்டுமா? மேளம் உண்டுமா? கிறிஸ்மஸ் தாத்தா ஆடுவாரா?” என்றீர்கள். கேரல் உண்டு. நான்கு குரலில், கையில் தாளோடு, அசையாமல் நின்று பாடுவார்கள். மேளம் கிடையாது. தாத்தா ஆட மாட்டார், ஏனென்றால் இங்கே அவர் பிஷப். போனில் விட்டதை எல்லாம் விவரமாக எழுதுகிறேன். படித்துவிட்டுக் கேரல் கமிட்டிக்காரர்களுக்கும் காட்டுங்கள், ஆனால் சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நம்மூரில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3இல் முடிந்த கையோடு கிறிஸ்மஸ் வந்துவிடும். வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும், தெருமுக்கில் பையன்கள் குடிலுக்குக் கம்பு நட்டிருப்பார்கள். பூசையில் சாமியார் ஊதா உடுப்புப் போட்டுக்கொண்டு “இது திருவருகைக் காலம், பொறுமையாகக் காத்திருங்கள்” என்று பிரசங்கம் வைப்பார். வெளியே ஸ்பீக்கரில் பாலன் பிறந்துவிட்ட பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் அது முரணாகத் தெரிந்ததில்லை.

இந்த ஊர்க்காரர்களோ காத்திருக்கச் சொன்னால் உண்மையாகவே காத்திருக்கிறார்கள். டிசம்பர் 24க்கு முன்னால் கோவிலுக்குள் கிறிஸ்மஸ் பாட்டு ஒரு வரி கேட்காது. வருகைப் பாட்டு தனி, பிறப்புப் பாட்டு தனி. பாடகர் குழு செப்டம்பரிலிருந்தே பிறப்புப் பாட்டைப் பயிற்சி எடுக்கிறது, அதுவும் பங்கு மண்டபத்தில், கதவை மூடிக்கொண்டு. கடைக்காரர்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. செப்டம்பரில் வெயில் அடிக்கும்போதே ஸ்டோலன் ரொட்டியும் மசாலா பிஸ்கட்டும் அடுக்கிவிடுவார்கள். அதைப் பங்குப் பாட்டிகள் திட்டிக்கொண்டே வாங்குவார்கள்.

இவர்களுக்குப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். இந்த ஊர்ப் பேராலயத்துக்கு 1248இல் அடிக்கல் போட்டு, நடுவில் சில நூற்றாண்டுகள் அப்படியே விட்டுவிட்டு, 1880இல் கட்டி முடித்திருக்கிறார்கள். 632 ஆண்டு! நம்மூர்க் கெபிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஒரு மாதம் தாமதமானதற்குக் கமிட்டியையே கலைத்தவர் நீங்கள். கோவில் முடியட்டும் என்று அறுநூறு வருஷம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாலு ஞாயிறு எம்மாத்திரம்?

அந்த நாலு ஞாயிறுக்கும் கணக்கு வைக்க ஒரு வளையம் உண்டு. ஊசியிலைக் கொப்புகளை வளைத்துக் கட்டி, நாலு மெழுகுதிரி நட்டு, வாரத்துக்கு ஒன்றாகக் கொளுத்துவார்கள். இது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்திருந்தேன். 1839இல் ஹாம்பர்க் நகரத்தில் யோஹன் ஹின்ரிஷ் விக்கர்ன் என்ற பாதிரியார், ஏழைப் பிள்ளைகள் இல்லத்தில் “கிறிஸ்மஸ் எப்போ, எப்போ” என்ற நச்சரிப்புத் தாங்காமல் ஒரு வண்டிச் சக்கரத்தில் திரிகளை நட்டுவைத்தாராம், நாளுக்கு ஒன்று, ஞாயிறுக்குப் பெரிதாக ஒன்று. அவர் நம்ம சபை இல்லை, சீர்திருத்த சபை. அதனால் கத்தோலிக்கர்கள் அதைத் தொடவே இத்தனை காலம் எடுத்துக்கொண்டார்கள்: கத்தோலிக்கக் கோவிலில் முதன்முதலாக அது தொங்கியது 1925இல், இதே கொலோனில் என்று சொல்கிறார்கள். அதையும் காத்திருந்துதான் வாங்கியிருக்கிறார்கள்.

காத்திருப்பிலேயே கடினமான பாடம் விடியற்காலைப் பூசை. வாரத்தில் ஒருநாள், காலை ஆறு மணிக்கு. டிசம்பரில் இங்கே எட்டரைக்குத்தான் சூரியன் தலைகாட்டும், ஆகையால் ஆறு மணி என்பது நடுச்சாமம். கோவிலில் ஒரு லைட்டும் போட மாட்டார்கள். ஆளுக்கொரு மெழுகுதிரி, அந்த வெளிச்சத்தில் பாட்டுப் புத்தகம். மாதாவுக்கான பூசை இது. நான் முதலில் மனைவியின் பிடுங்கலுக்காகப் போனேன், இப்போது அவள் தூங்குகிறாள், நான் போகிறேன். இருட்டில் கிழவர்களும் கிழவிகளும் தணிந்த குரலில் பாடும்போது நன்றாகத்தான் இருக்கிறது மாமா, உங்களிடம் மறைப்பானேன்.

பூசை முடிந்ததும் மண்டபத்தில் காலைச் சாப்பாடு: ரொட்டி, ஜாம், அவித்த முட்டை. ஒரு பாட்டி, “உங்கள் ஊரில் டிசம்பரில் குளிருமா?” என்று கேட்டார். எங்கள் மாமி 23 டிகிரிக்கே காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பூசைக்கு வருவார் என்றேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “மைனஸா?” என்றார்.

இனி தாத்தா விஷயம். டிசம்பர் 6 நிக்கோலாஸ் திருநாள். முந்தின ராத்திரி பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், காலையில் அதில் சாக்லேட் இருக்கும். பங்கிலும் அவர் வருவார், தலையில் மைட்டர், கையில் செங்கோல், முழு ஆயர் கோலத்தில். மீரா நகரத்து ஆயர் அல்லவா, கோமாளித் தொப்பி போட்டுக்கொண்டு வர முடியுமா? கையில் ஒரு தங்கநிறப் புத்தகம். அதைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையின் நல்லது கெட்டதை வாசிப்பார். தகவல் வானத்திலிருந்து வருவதில்லை. தாய்மார் முன்கூட்டியே படிவத்தில் மூன்று வரி எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் மருமகள் பின்பக்கத்திலும் தொடர்ந்திருந்தாள். ஆயர் மூச்சு வாங்கி வாங்கி வாசித்தார். எல்லாம் கேட்டுவிட்டு உங்கள் பேரன், “சரி, எப்போ ஆடுவீங்க?” என்று தமிழில் கேட்டான். முன்பெல்லாம் ஆயரோடு ஹன்ஸ் முஃப் என்று கறுப்பு அங்கிக்காரன் ஒருவன் சாக்குப் பையோடு வருவானாம், சேட்டைக்காரப் பிள்ளைகளைப் பிடித்துப் போட. எங்கள் பங்கில் அவனைப் பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். என் மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

குடிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். முதல் ஞாயிறே தொழுவத்தைக் கட்டிவிடுகிறார்கள், காலியாக. அடுத்த வாரம் மாடு வரும். அதற்கடுத்து இடையர்கள், கொஞ்சம் தூரத்தில். சூசையப்பரும் மாதாவும் கோவிலின் பக்கவாட்டிலிருந்து வாரத்துக்கு இரண்டு தூண் தூரம் நகர்ந்து வருகிறார்கள். நகர்த்துவது கோவில்பிள்ளை, ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில். மூன்று ராசாக்கள் வாசல் பக்கம் எங்கேயோ கிளம்பியிருப்பார்கள், ஜனவரி 6இல்தான் வந்து சேருவார்கள். நம்மூரில் 24 ராத்திரியே ராசாக்கள் ஒட்டகத்தோடு தொழுவத்தில் இடித்துக்கொண்டு நிற்பார்களே, அதைச் சொன்னேன். கோவில்பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது.

நீங்கள் இங்கே வந்தால் முதலில் காட்ட வேண்டியது லிஸ்கிர்ஷன் மாதா கோவில் குடில். ரைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதில் பாலனைப் பார்க்க வருகிற பொம்மைகள் பெத்லகேம்காரர்கள் அல்ல, அந்தக் கோவிலைச் சுற்றிய பழைய தெருக்களின் ஆட்கள். அவர்களில் வேசியும் உண்டு, போதையில் கிடப்பவரும் உண்டு, அகதியும் உண்டு. திருவருகைக் காலத்தில் தொடங்கி பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாள் வரைக்கும் காட்சியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இதுதான் குடில் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அங்கேயும் அருவி கிடையாது, சீரியல் லைட் கிடையாது. நீங்கள் குடிலுக்குள் ரயில் விட்டதை எங்கள் உதவிப் பங்குத்தந்தையிடம் சொன்னேன். அவர் கேரளாக்காரர், நம்பினார். ஜெர்மன்காரர்கள் நம்பவில்லை. போட்டோ அனுப்புங்கள், ஏரோப்ளேன் தொங்குகிற வருஷத்துப் போட்டோவாக இருக்கட்டும்.

பாவம் அந்தக் கேரளா அச்சன். குருக்கள் பற்றாக்குறையால் பல பங்குகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். 24ஆம் தேதி மாலை முழுக்க அவர் காரும் கையுமாக ஒரு கோவிலிலிருந்து இன்னொரு கோவிலுக்கு ஓடுகிறார். பிள்ளைகளின் பாலன் பிறப்பு நாடகம் நாலு மணிக்கு. அன்றைக்குத்தான் கோவில் நிரம்பும். வருஷம் முழுக்க வரும் பாட்டிகள் ஒரு மணி நேரம் முந்தியே வந்து, கைப்பையை வைத்து இடம் பிடித்து, வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்களைப் பார்வையாலேயே ஒதுக்குவார்கள். ஆனால் அந்த ஒருமுறைக்காரர்களும் வரி ஒழுங்காகக் கட்டுகிறவர்கள்தான். கட்டாமல் எங்கே போவது? வருமான வரியின்மேல் 9 சதவீதம் கோவில் வரி, சம்பளத்திலேயே அரசாங்கம் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. வேண்டாம் என்றால் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய், கட்டணம் கட்டி, சபையை விட்டு விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் ரசீது புத்தகத்தோடு வீடு வீடாகப் போய், “அடுத்த ஞாயிறு பார்ப்போம்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியதை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு காத்திருந்தார்களே, திருநாள் வந்ததும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். 24ஆம் தேதி பகலோடு கடை மூடினால் 27 காலைதான், 26உம் விடுமுறை. மசாலா போட்டுக் காய்ச்சிய சூடு வைன் விற்ற பேராலயச் சந்தை அதற்கு முன்பே மூட்டை கட்டிவிட்டது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வீட்டுக்குள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவது தாத்தா இல்லை, குழந்தை இயேசுவே, அதுவும் யார் கண்ணிலும் படாமல். பிறகு விருந்து. விருந்தென்றால் பல வீடுகளில் உருளைக்கிழங்கு சாலட்டும் வேகவைத்த சாசேஜும்! மாமியிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். வெடி போடலாமா என்றால், டிசம்பர் 31 வரை கூடாது, சட்டம். அன்று ராத்திரி எங்கள் பால்கனியில் நின்று உங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டேன். நம்மூர் மேளச் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.

நமக்குக் காத்திருக்கத் தெரியாது, வந்தபின் கதவைத் திறந்துபோட்டுவிடுவோம். இவர்கள் நேர் எதிர் என்று தீர்மானித்திருந்தேன். அந்தத் தீர்மானத்தை ஜனவரியில் பிள்ளைகள் வந்து உடைத்தார்கள்.

மூன்று ராசாக்கள் இந்த ஊர்ச் சொத்து. அவர்களுடைய எலும்புகளை 1164இல் பேராயர் ரைனால்ட் மிலான் நகரிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார். பேராலயத்தின் நடுப்பீடத்துக்குப் பின்னால் தங்கப் பேழை. ஜனவரி 6 அன்று முன்பலகையைக் கழற்றி, கிரீடம் வைத்த மண்டையோடுகளைக் காட்டுவார்கள். நகரத்தின் சின்னத்திலேயே மூன்று கிரீடம். அந்தத் திருநாளை ஒட்டிப் பங்குப் பிள்ளைகள் ராசா வேடம் போட்டு, நட்சத்திரம் ஏந்தி, வீடு வீடாகப் பாடிக் காசு சேர்க்கிறார்கள். 1959 முதல் நாடு முழுக்க ஓர் அமைப்பாக நடக்கிறது. இதுவரை சேர்ந்தது நூறு கோடி யூரோவுக்கும் மேல், அத்தனையும் உலகெங்கும் உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு. நம்ம கேரல் வசூல் கணக்கை எப்போது நோட்டீஸ் போர்டில் ஒட்டப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் பேரனும் ஒரு ராசா. முன்பு ஒரு ராசாவுக்கு முகத்தில் கரி பூசுவார்களாம், அது சரியில்லை என்று அமைப்பே சொல்லிவிட்டது. அதனால் எந்தக் கிரீடம் தலையில் நிற்கிறதோ அவன் அந்த ராசா. நான் துணைக்குப் போகும் பெரியவர். தலைவி ஒரு பதினாலு வயதுப் பெண், கையில் நேர அட்டவணை. வீட்டுக்கு ஆறு நிமிஷம். கதவுகள் திறந்தன மாமா! வருஷமெல்லாம் தலையை மட்டும் அசைக்கிற மனிதர்கள் வாசலில் நின்று, பிள்ளைகளோடு சேர்ந்து பாடி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நிலைக்கு மேல் சாக்கட்டியால் ஆண்டையும் மூன்று எழுத்தையும் எழுதுவார்கள். ராசாக்களின் முதலெழுத்து என்றும் சொல்வார்கள், கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக என்றும் சொல்வார்கள். கிடைத்த சாக்லேட்டை நடைபாதையிலேயே பங்கு வைத்ததில் ராசாக்களுக்குள் சிறு யுத்தம்.

அட்டவணை உடைந்தது ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில். சைவக்காரம்மா. ஆகஸ்டில் கேவலார் மாதா கோவில் தமிழர் யாத்திரைக்கும் போவார், ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கும் போவார். பிள்ளைகளை உட்காரவைத்து வடை கொடுத்தார். பாட்டு முடிந்ததும் என்னிடம், “தம்பி, சாமியறைக் கதவிலயும் ஒருக்கா எழுதிவிடச் சொல்லுங்கோ” என்றார். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் மேலே உங்கள் பேரன் நாற்காலி போட்டு ஏறி எழுதினான். தலைவி கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாலாவது வடையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஒரு வேலை. நீங்கள் அனுப்பிய நாகர்கோவில் காகித ஸ்டார் எங்கள் பால்கனியில் தொங்கியதைப் பங்குப் பேரவையில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். நேற்றைய கூட்டத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது: அடுத்த திருவருகைக் காலத்துக்கு மண்டபம் முழுக்க அதே ஸ்டார் வேண்டும். நவம்பர் கடைசிக்கு இப்போதே, ஜனவரியிலேயே ஆர்டர். கூடவே இரண்டு சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். உள்ளே எத்தனை வாட் பல்பு போடலாம், காகிதம் தீப்பிடிக்காதது என்பதற்குச் சான்றிதழ் உண்டா. கடைக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் உங்களை எப்படிப் பார்த்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்சலில் மாமியின் முந்திரிக்கொத்தையும் வையுங்கள், அச்சுமுறுக்கு வேண்டாம், போன தடவை பொடியாகத்தான் வந்தது. அதையும் ஸ்பூனால் தின்றோம்.

உங்கள் அன்பு மருமகன்