தலஹாசியின் வள்ளல்கள்

சனிக்கிழமைகளில் பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்: பிடித்தது விட வேண்டும். வட திருநள்ளாறு என்று பெயர் வாங்கிய தலம். எள் விளக்கேற்றி, சுற்றி வந்து, எப்படியாவது தப்பித்துக்கொள்ளப் பார்க்கும் சுயநலக்காரர்கள் நாங்கள். அமெரிக்கக் கல்லூரிகளும் தங்கள் கால்பந்தை, அதாவது முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் ஆடுகின்றன. அவற்றுள் தலஹாசி நகரின் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம், வந்ததை வாசலிலேயே வரவேற்று, ஆசனமிட்டு, கோடிக்கணக்கில் தட்சிணையும் பேசி உட்கார வைத்துக்கொண்டது. இந்தப் பெருந்தன்மையை எங்கள் பக்கத்தில் ஒருவரும் மெச்சவில்லை. இத்தனைக்கும் பம்மல், பல்லாவரம் வட்டாரத்தில் பிள்ளையை எம்.எஸ். படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பாத தெரு குறைவு.

2023 டிசம்பர் தொடக்கம் வரை அந்த அணி 13 ஆட்டம் ஆடி 13-லும் வென்றிருந்தது. ஏ.சி.சி. என்கிற அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பின் கோப்பையும் கையில். ஆனால் தேசிய பிளே ஆஃபில் அப்போது நாலே இடம். ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் கால் உடைந்து படுத்துவிட்டதால் இனி இந்த அணி தேறாது என்று கணித்த தேர்வுக் குழு, ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமாவை உள்ளே எடுத்துக்கொண்டது. ஊரே கொதித்தது. வேறு யாராக இருந்தாலும் குழு கணித்தது தப்பு என்று அடுத்த ஆட்டத்திலேயே காட்டியிருப்பார்கள். இவர்கள் பண்பாளர்கள். குழுவின் முகம் வாடிவிடக் கூடாதே என்று டிசம்பர் 30 அன்று ஆரஞ்ச் பவுல் என்கிற பருவ இறுதிச் சிறப்பாட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள். முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் களத்தில் இறங்காமலே இந்த நல்ல காரியத்துக்குத் தோள் கொடுத்தார்கள். பவுல் ஆட்டங்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது, சாதனை சாதனைதான்.

அதற்கு எட்டு நாள் முன்புதான் சொந்தக் கூட்டமைப்பின் மீதே வழக்குப் போட்டிருந்தார்கள். விலகினால் 57 கோடி டாலருக்கு மேல் நஷ்டமாகும் என்பது புகார். அது 2025 மார்ச்சில் சமரசமாக முடிந்தது. இந்தக் காலத்தில் அணி டிராவாவது செய்த களம் அது ஒன்றுதான்.

2024 ஜனவரியில் அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்குத் தலஹாசிப் பயிற்சியாளர் மைக் நோர்வெல் பெயரும் அடிபட்டது. உடனே எட்டாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல். சனி பகவானே ஏழரை ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறார். இங்கே அரை ஆண்டு இனாம்.

இனி 2024 பருவம். பிளே ஆஃப் நாலிலிருந்து 12 இடமாக விரிந்த ஆண்டு. போன வருடம் வாசலில் நின்று நியாயம் கேட்டவர்கள், கதவு அகலமானதும் எல்லாருக்கும் வழி விட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். தரவரிசையில் 10-ஆம் இடத்தோடு ஆகஸ்ட் 24-இல் டப்ளின் வரை பறந்து, ஜார்ஜியா டெக்கிடம் கடைசி நொடி உதையில் 24-21 என்று தோற்றார்கள். தோல்வியைக் கடல் கடந்து துவக்கிவைக்க எத்தனை கல்லூரிகளுக்கு வசதி இருக்கிறது? அந்த 21 புள்ளியை, மேல் பிரிவு அணி எதற்கு எதிராகவும் அந்தப் பருவத்தில் அவர்கள் தாண்டவில்லை. அளவோடு வாழ்கிறவர்கள். அடுத்து பாஸ்டன் காலேஜ், பிறகு மெம்ஃபிஸ். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கமில்லை.

கலிஃபோர்னியாவை மட்டும் 14-9 என்று வென்றார்கள். பசிபிக் கரையிலிருந்து அட்லாண்டிக் கூட்டமைப்பில் சேர்ந்த அணி அது. பயணக் களைப்பாக இருக்கலாம். அதே ஆண்டு சேர்ந்த இன்னொரு புதுக்குடித்தனம் டல்லாஸின் எஸ்.எம்.யூ. ஒன்பது வருடத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாம் என்று சொல்லி உள்ளே நுழைந்தவர்கள். அவர்களிடம் 42-16. அந்த எஸ்.எம்.யூ. வந்த முதல் வருடமே பிளே ஆஃபுக்குப் போய்விட்டது. கூட்டமைப்புக் காசு போதவில்லை என்று கோர்ட்டுக்குப் போனவர்கள், காசே வேண்டாம் என்றவர்களுக்கு இப்படி வழிகாட்டியிருக்கிறார்கள். பிறகு கிளெம்சன், டியூக், மயாமி, நார்த் கரோலைனா என்று வரிசையாகத் தானம். நோட்டர் டேமுக்கு 52-3. ஜார்ஜியாவிடம் எடுத்த அதே 3 புள்ளி, கொள்கை மாறாதவர்கள். கீழ்ப் பிரிவிலிருந்து வந்த சார்ல்ஸ்டன் சதர்ன் அணியிடம் மட்டும் 41-7 என்று வீரம் காட்டினார்கள். இளைத்தவனிடம் காட்டாத வீரத்தை வேறு யாரிடம் காட்டுவது?

மொத்தம் 2 வெற்றி, 10 தோல்வி. இதைவிடக் குறைவாகக் கடைசியாக வென்றது 1974-இல், ஒன்றே ஒன்று. 1976-இல் பாபி பௌடன் என்று ஒருவர் பயிற்சியாளராக வந்து, இரண்டு தேசியப் பட்டம் வரை கொண்டுபோய் அந்த மரபைக் கெடுத்துவைத்திருந்தார். மீட்டெடுக்க அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

பொறுப்பைப் பகிர்ந்தளிப்பதிலும் நோர்வெல் தாராளம். நோட்டர் டேம் ஆட்டத்துக்கு மறுநாளே தாக்குதல், தற்காப்பு இரண்டுக்குமான உதவிப் பயிற்சியாளர்கள் வெளியே. தாக்குவதும் தடுப்பதும் அவர்கள் பாடு என்றால், மீதியுள்ள ஆட்டம் முழுவதும் தலைமைப் பயிற்சியாளருடையது. 2025 சம்பளத்தில் 45 லட்சம் டாலரை அவர் அணிக்கே விட்டுக்கொடுத்தார். மிச்சத்தை வைத்துக் குடும்பத்தை ஓட்டியிருக்கிறார்.

அந்த 2025-ஐயும் சொல்லிவிட வேண்டும். முதல் ஆட்டத்திலேயே, தங்கள் இடத்தைப் பறித்த அதே அலபாமாவை 31-17 என்று சாய்த்துவிட்டார்கள். பழைய பழக்கம் தொற்றிக்கொண்டதோ என்று ரசிகர்கள் பயந்தார்கள். நல்லவேளை, பருவம் 5-7 என்று முடிந்தது. அடுத்த ஆண்டுக்கும் நோர்வெல்லே என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அப்போது அவரை அனுப்பியிருந்தால் 5 கோடி டாலருக்கு மேல் எடுத்துவைக்க வேண்டியிருந்திருக்குமாம். அதைக் காரணமாகச் சொல்லி இந்தப் பாசத்தைக் கொச்சைப்படுத்துகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்.