ஏரிக்கரைத் தங்கலியல்: குறிஞ்சிப்பாடி வட்டாரத்துக் குடும்பங்களின் கைலி விரிப்பு முறைகள் குறித்த தொடக்கநிலை ஆய்வு

ஏரிக்கரைத் தங்கல் என்பது, ஒரு குடும்பம் தன் வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உண்ணக்கூடிய சோற்றை விடியுமுன் எழுந்து கட்டிக்கொண்டு, நிழலும் நாற்காலியும் இல்லாத ஓர் உயர்ந்த மண்கரைக்குச் சென்று, அதே சோற்றை அங்கே உண்டுவிட்டுப் பொழுது சாயுமுன் வீடு திரும்புதலாகும். இத்தங்கல் எந்த நொடியில் தொடங்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; வண்டியை விட்டு இறங்கியதும் தொடங்கும் என்பார் ஒரு சாரார், செருப்பைக் கழற்றியதும் தொடங்கும் என்பார் மற்றொரு சாரார், ஊறுகாயை யார் எடுத்து வைக்க மறந்தார் என்ற வினா எழும்போதுதான் தொடங்கும் என்பது பெரும்பான்மை வழக்கு. மேலைநாட்டார் இதற்குக் கூடாரம், உறங்கு பை, மடக்கு நாற்காலி, எரிவாயு அடுப்பு ஆகியவை இன்றியமையாதவை என எழுதிவைத்துள்ளனர். கடலூர் மாவட்டத்தில் இவை அனைத்தின் பணியையும் ஒரே கைலி செய்துவிடுவதால், அந்நூல்கள் இவ்வாய்வுக்குப் பயன்படவில்லை.

எப்பொருளையும் தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவதே ஆய்வு மரபாதலின், தொல்காப்பியர் கைலி பற்றி யாதும் கூறவில்லை என்பது இங்கே முறைப்படி பதிவு செய்யப்படுகிறது. அவர் கூறாததால் அறியவில்லை என்று கொள்ளலாகாது, எல்லோரும் அறிந்ததாகையால் கூறாது விட்டார் என்று நிறுவுவதற்கு இருபது பக்கம் போதும். முனைவர் பட்டம் வேண்டுமெனில் இருநூறு பக்கமும், வழிகாட்டியின் நூல்களிலிருந்து பத்துக்குக் குறையாத மேற்கோளும் தேவைப்படும்.

வரலாற்றுச் சான்றுகள் வீராணம் ஏரியிலிருந்து தொடங்குகின்றன. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் ஆட்சியில், அவன் மகன் இராசாதித்தன் தன் படைவீரரைக் கொண்டு இவ்வேரியை வெட்டுவித்தான் என்பது மரபு. படை தங்குமிடம் பாசறை எனப்படும். அங்கே பெரியத்தை, சின்ன மாமா, பல் முளைக்கும் குழந்தை ஆகியோர் இல்லாமையால் அது குடும்பத் தங்கல் ஆகாது. முதல் தெளிவான சான்று, கல்கி 1950-ல் தொடராக எழுதத் தொடங்கிய பொன்னியின் செல்வனில் கிடைக்கிறது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரைமீது இக்கரைக்கு வந்து சேர, சுற்றுப்புறக் குடும்பங்கள் கரையில் கூடியிருந்து சித்திரான்னம் உண்கின்றன. இவ்விடத்தை ஆராய்ந்தோர் குதிரை வந்த வழி, வீரனின் குலம், ஏரியின் கணவாய்கள் எழுபத்து நான்குதானா என்பன பற்றியெல்லாம் ஓயாது வாதிட்டிருக்க, அக்குடும்பங்கள் எதன்மீது அமர்ந்து உண்டன என்ற அடிப்படை வினாவை ஒருவரும் எழுப்பவில்லை. ஒரு பேரரசின் குடிகள் வெறுந்தரையில் உட்கார்ந்தனரா என்பது தீராத நிலையில், அரியணைக்கு உரியவர் யார் என்பதில் ஐந்து பாகம் செலவிடப்பட்டிருப்பது கவலைக்குரியது.

தங்கலுக்குரிய நீர்நிலைகளை இனி வகைப்படுத்தலாம். வீராணம் தலையாயது, மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் கொள்ளிடத்தின் கீழணையில் தேங்கி வடவாற்றின் வழியே இதில் சேர்கிறது, 2004 முதல் இங்கிருந்து சென்னைக்கும் குழாய் போகிறது. இதன் முழு நீர்மட்டம் 47.50 அடி என்பது வட்டாரத்துக் குழந்தைகளுக்கும் தெரியும், ஏனெனில் மழைக்காலத்தில் நாளிதழ்கள் அதை நாள்தோறும் அச்சிடுகின்றன. பெருமாள் ஏரி குறிஞ்சிப்பாடிக்கு அண்மையிலேயே உள்ளது. பரவனாற்று நீரோடு நெய்வேலிச் சுரங்க நீரும் வந்து சேரும் இவ்வேரி, மிக அருகில் இருப்பது என்ற ஒரே குற்றத்தால் தங்கலுக்குத் தகுதியற்றதாகக் கருதப்படுகிறது, அங்கே போனால் போய்வந்ததாக உறவினர் ஒப்புக்கொள்வதில்லை. வாலாஜா ஏரி வீராணம் போகும் வழியில் பார்க்கப்படுவது. திட்டக்குடி அருகிலுள்ள வெலிங்டன் நீர்த்தேக்கம், போய்ச் சேருமுன் கட்டுச்சோறு தீர்ந்துவிடும் தொலைவில் உள்ளதால் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பிச்சாவரம் ஏரியன்று, உப்பங்கழி. அங்கே குடும்பங்கள் படகில் அமர்வதால் விரிப்புச் சிக்கல் எழாது, சிக்கல் எழாத இடத்தில் ஆய்வும் எழாது.

இனித் தங்கலின் இலக்கணம். அகத்திணை நூலார் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து உயிர்களும் பொருள்களும் கருப்பொருள் என்றும், மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் கூறுவர். ஏரிக்கரைத் திணைக்குக் கரையும் முற்பகலும் முதற்பொருள், கட்டெறும்பு, மேய்ச்சல் ஆடு, மோர்மிளகாய், குட்டியானை (சரக்கு ஏறவேண்டிய பின்புறத்தில் பதினால்வர் ஏறும் சிறு வண்டி) ஆகியன கருப்பொருள், உரிப்பொருள் ஊடல். விடியுமுன் எழுந்து அந்தச் சோற்றைக் கட்டியவர் யார் என்ற வினாவை எழுப்பிய ஒரே கட்டுரை, அதை எழுதிக்கொண்டிருந்தவர் புளி கரைக்க அழைக்கப்பட்டமையால் முற்றுப்பெறவில்லை.

கைலி என்பது ஆடவர் இடுப்பில் சுற்றிக் கட்டும், ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள கட்டம் போட்ட துணி. குறிஞ்சிப்பாடியில் கைலி நெசவு தலைமுறைகளாக நடந்துவருவதால், இங்கே ஒவ்வொரு வீட்டிலும் உடுத்தும் அளவுக்கு மேற்பட்ட கைலிகள் உள்ளன. புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் விரிப்புக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கல்யாணத்துக்கு வாங்கியதாகையால் பீரோவை விட்டு வெளியே வருவதில்லை (பாட்டி வாய்மொழி, முதற்படலம்). எனவே கைலி. அது மூட்டிய கைலி, மூட்டாத கைலி என இருவகைப்படும். இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தது மூட்டிய கைலி, தைக்காதது மூட்டாதது. மூட்டியதை விரித்தால் இரட்டைப் படலமாக இருப்பதால் எறும்புக்கு நல்ல தடுப்பு என்பது பழைய கொள்கை (பெரியத்தை உரை, புளிச்சோற்று அதிகாரம், உப்புக் குறைந்த இயல்). இக்கொள்கை ஆடிக் காற்றில் நிற்பதில்லை. வீராணத்தின் கிழக்குக் கரையில் அமர்வோர்மீது, மேற்கிலிருந்து நீர்ப்பரப்பைத் தடையின்றிக் கடந்துவரும் காற்று நேரே மோதுகிறது. அது மூட்டிய கைலியின் ஒரு வாயில் புகுந்து மறுவாயில் வெளியேறுகையில் விரிப்பு நடுவில் எழும்பி, அங்கே வைத்த மெதுவடைகள் உருண்டு மதகை நோக்கிச் செல்கின்றன.

மூட்டாத கைலியே சிறந்தது எனத் துணிந்தபின், தங்கலியலின் மையச் சிக்கலாகிய நான்காம் மூலைச் சிக்கல் எழுகிறது. விரிப்புக்கு மூலைகள் நான்கு. முதல் மூலையில் செருப்புகள் குவிக்கப்படுகின்றன. இரண்டாம் மூலையில் தண்ணீர்க் கேன். மூன்றாம் மூலையில் புளிச்சோற்றுத் தூக்கு. நான்காம் மூலைக்கு எப்போதும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தயிர்ச்சோற்று டப்பாவை வைக்கலாமே எனில், அது நிழலில் இருக்கவேண்டியது, நிழலோ கைலிக்கு வெளியே உள்ளது. கல்லைத் தேடலாமே எனில், ஏரிக்கரையில் கிடக்கும் கற்கள் யாவும் சேத்தியாத்தோப்பிலிருந்து முன்னரே வந்து அமர்ந்த குடும்பங்களின் மூலைகளில் உள்ளன (கடைத்தெருத் தேநீர்க்கடைப் பாடம், இரண்டாம் பெஞ்சு, முதல் பெஞ்சுப் பாடத்தில் இவ்வரி இல்லை). புளிச்சோற்றுத் தூக்கு உணவு நேரத்தில் நடுவுக்கு நகர்வதால் மூன்றாம் மூலையும் அவிழ்ந்து சிக்கல் இரட்டிக்கிறது என்பதை முன்னையோர் கவனிக்கத் தவறிவிட்டனர்.

இதற்குக் காணப்பட்ட தீர்வுகளுள் குழந்தைக் கொள்கை, குழந்தை ஓரிடத்தில் இராது என்பதால் வீழ்ந்தது. தலைக்கவசக் கொள்கை இளைஞருடையது. தலைக்கவசம் உருளும், அதைப் பிடிக்க ஓடுபவர் எழுந்ததால் மற்றொரு மூலையும் போகும். நெடுங்காலம் நின்றது மாப்பிள்ளைக் கொள்கையே. வீட்டுக்குப் புதிதாய் வந்த மாப்பிள்ளை சொன்ன இடத்தில் அமர்வார், எழுந்து எதையும் எடுத்து வரும்படி அவரை ஏவுதல் மரபன்று, ஆகவே அசையமாட்டார். நாற்காலி இல்லை என்று குறை சொல்லவும் கூச்சம் தடுக்கும். ஒரே இடையூறு, மூலைக்கு எடை வைக்கவே அவர் அழைக்கப்படுகிறார் என்பது வெளித்தெரியக்கூடாது. மாமியார், "மாப்ள, நீங்க இப்படி வாங்க, இங்கதான் காத்தோட்டமா இருக்கு" என்று அன்போடு அழைத்து, கைலியின் பறக்கும் நுனியைத் தம் பாதத்தால் மிதித்துக் காட்டுவார். மாப்பிள்ளை அமர்ந்ததும் பாதத்தை எடுத்துக்கொண்டு வடை பரிமாறப் போய்விடுவார். மாப்பிள்ளை இதை உபசாரம் என எண்ணுவதாக ஒரு பாடமும், மூன்றாம் ஆண்டில் உணர்ந்துகொள்வதாக மற்றொரு பாடமும் உண்டு (மூத்த மாப்பிள்ளை முறையீடு, ஏழாம் கிளை, வெயிலேறிய பகுதி, மூலப்படியில் எண்ணெய் பட்டதால் மூன்றாம் வரி சிதைந்துள்ளது, சிதையாத வரிகள் அச்சிடத்தக்கவையல்ல). ஒரே குடும்பத்தில் இரு மாப்பிள்ளைகள் அமையும்போது மூத்தவர் மூலையிலிருந்து விடுபட்டு மரநிழலுக்குப் பதவி உயர்வு பெறுகிறார். இம்முறை வேறு சில இடங்களிலும் உள்ளது: பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் பேராசிரியர் பேசி முடித்துப் புறப்பட்டபின் அவையின் மூலைகள் பறக்காதிருக்க இளம் ஆய்வாளர்கள் மாலைவரை அமர்த்தி வைக்கப்படுகின்றனர், அவர்களுக்குச் சான்றிதழ் உண்டு, மாப்பிள்ளைக்கு அதுவும் இல்லை.

அமரும் திசை பற்றி ஒரு சொல் போதும்: தூக்கு நடுவில் இருப்பதால் எல்லோரும் தூக்கைப் பார்க்கிறார்கள், ஏரி யாருடைய முதுகுக்காவது பின்னால்தான் இருக்கிறது. நீராடல் பற்றி, ஆழம் உள்ளது என்று எழுதிய பலகையைக் கடந்து இறங்கவேண்டாம் என்பதன்றி வேறு ஆய்வில்லை. இரவுத் தங்கல் இவ்வட்டாரத்தில் வழக்கிலில்லை. வீட்டில் மாடு உள்ளது. சோற்றை ஆட்டுக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் திரும்பும் வழியில் வடலூரில் இறங்குவதுண்டு, அங்கே வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் வருவோர் பசி தீர்க்கிறது. எந்த ஆட்டால் பசி வந்தது என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்து, கரையில் பொறுப்பு அலுவலர்களைத் தவிர வேறெவரும் நிற்கத்தகாத நிலை வருகையில், மழை விட்ட ஞாயிறுகளில் குடும்பங்கள் தம் மொட்டைமாடியில் கைலி விரித்து, ஏரி உள்ள திசை நோக்கி அமர்ந்து கட்டுச்சோறு உண்பதுண்டு. இதுவும் ஏரிக்கரைத் தங்கலே, நீர் இல்லாமை சிறு குறையே என வாதிடுவார் உளர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று; மொட்டைமாடியில் பழைய வீட்டு வேலையில் மிஞ்சிய செங்கற்கள் கிடக்கும், அங்கே மாப்பிள்ளை எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம்.